குடமடித்தவர் பேரன் பேசுகிறேன்



மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்தபோது, ‘சி.என்.சி. மெஷின் பற்றி எழுதித் தருகிறேன்’ என்று சொல்லித்தான் பெயர் கொடுத்தேன். இரண்டு பக்கம் எழுதியும் வைத்தேன். பிறகு அதை எடுத்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். மெஷினைப் பற்றி எழுத நம்மில் நூறு பேர் இருக்கிறார்கள். வில்லைப் பற்றி எழுத இந்தக் கல்லூரியில் என்னைத் தவிர யாரும் இல்லையோ என்று ஒரு சந்தேகம்.

முதலாம் ஆண்டு இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சோனோமீட்டர் சோதனை செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எடையைக் கூட்டக் கூட்டக் கம்பியின் இழுவிசை கூடும், சுரமும் ஏறும். அன்றைக்கு சார் கேட்டார்: “இதே தத்துவத்துல வேலை செய்யுற வாத்தியம் ஏதாவது சொல்லுங்கப்பா.” ஒருவன் கிடார் என்றான். இன்னொருவன் வீணை என்றான். என் நாக்கு நுனி வரைக்கும் ‘வில்லு’ என்று வந்தது. விழுங்கிவிட்டேன். சொல்லியிருந்தால் மூன்று வருஷமும் ‘ஏய் வில்லுப்பாட்டு’ என்றே கூப்பிட்டிருப்பீர்கள் என்ற பயம்!

என் தாத்தா வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். வள்ளியூர் சுற்றுவட்டாரத்தில் கொடை நடக்கிற கோயில்களில் விடிய விடியக் குடம் அடித்து, பின்பாட்டும் பாடியவர். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைநாட்டுதான். அப்பாவுக்கு ஐந்தாம் வகுப்போடு கொத்தனார் வேலை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ‘ஒண்ணும் தெரியாத வீட்டிலிருந்து ஒருத்தன் படிக்க வந்துட்டான்’ என்று பாராட்டுவது போல் யாராவது சொன்னால், நானும் பெருமையாகச் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

ஒரு மனிதரின் கதை

2022 அக்டோபர் 10-ம் தேதி. நான் அப்போது பத்தாம் வகுப்பு. டி.வி.யில் செய்தி ஓடியது. வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் காலமானார் என்று. கட்டிலில் படுத்திருந்த தாத்தா எழுந்து உட்கார்ந்துவிட்டார். யார் தாத்தா என்று கேட்டேன்.

“நம்ம ஊர்ப் பக்கந்தாம்லே. எங்க கூட்டத்தையெல்லாம் ரேடியோவுல ஏத்துன மனுஷன்” என்றார்.

அதன் பிறகுதான் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சுப்பு ஆறுமுகம் பிறந்தது 1928-ல். திருநெல்வேலிச் சீமையில் சத்திரம் புதுக்குளம் என்ற சிறிய ஊர். வீட்டில் பாட்டு இருந்தது; ஊரில் கொடை இருந்தது. தெற்கத்திக் காரர்களுக்குக் கொடை என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்ற மாவட்ட நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் போன்ற தெய்வங்களுக்கு ஊர்கூடி எடுக்கிற விழா அது. அந்தச் சாமியின் கதையை வில்லில் பாடினால்தான் கொடை நிறையும். சிறு வயதிலேயே பாட்டு எழுதத் தொடங்கிய அந்தப் பையனைக் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் கண்டுகொண்டார். 1940-களின் இறுதியில் சென்னைக்கு அழைத்துப் போனார்.

கலைவாணரை நமக்கெல்லாம் சினிமாச் சிரிப்பு நடிகராகத்தான் தெரியும். அவர் 1908-ல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். வறுமையால் பள்ளிப் படிப்பைத் தொடர முடியாமல் நாடகக் கம்பெனிக்குப் போனவர். நாஞ்சில் நாட்டு மண்ணில் பிறந்ததால் வில்லும் அவருக்குக் கைவந்தது. கோயில் கொடையில் இருந்த வில்லை நாடக மேடைக்கும் பொதுக்கூட்டத்துக்கும் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். 1948-ல் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அவருடைய வாழ்க்கையையே வில்லில் பாடினார். அந்தக் காந்தி கதையை அவருக்கு எழுதிக் கொடுத்தவர் சுப்பு ஆறுமுகம். அப்போது அவருக்கு வயது இருபதைச் சுற்றித்தான் இருக்கும். நம்மைவிட ஓரிரண்டு வயது பெரியவர், அவ்வளவுதான்!

யோசித்துப் பாருங்கள். அதுவரை வில்லில் பாடப்பட்டவர்கள் மாடனும் இசக்கியும் அம்மனும். அந்த இடத்தில் வேட்டி கட்டிய ஒரு கிழவரை, நேற்று வரை பேப்பரில் படம் வந்த ஒரு மனிதரைக் கொண்டுபோய் உட்கார வைப்பது லேசான காரியமா? வில் அதேதான், குடம் அதேதான். கதை மட்டும் புதிது. சுப்பு ஆறுமுகம் தன் வாழ்நாள் முழுவதும் செய்தது இதைத்தான்.

1957-ல் கலைவாணர் மறைந்தார். சுப்பு ஆறுமுகம் வில்லைக் கீழே வைக்கவில்லை. நாகேஷ் போன்றவர்களுக்கு நகைச்சுவைப் பகுதிகள் எழுதிக்கொண்டே, வில்லிசையையும் நடத்தினார். வானொலியில், தொலைக்காட்சியில், கோயில் மண்டபத்தில், வெளிநாட்டுத் தமிழர் மேடையில் என்று எங்கும் பாடினார். இராமாயணம், மகாபாரதம் இரண்டையும் வில்லிசையாக எழுதினார். மகள் பாரதி திருமகனும் அவரோடு வில்லடித்தார். 2015-ல் வந்த ‘உத்தம வில்லன்’ படத்தில் அவருடைய வில்லுப்பாட்டு இருக்கிறது. அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் மறைந்தார். தொண்ணூற்று நான்கு வயது.

கிந்தனாரும் நாமும்

சுப்பு ஆறுமுகத்தை உருவாக்கிய கலைவாணர் செய்த இன்னொரு காரியத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அது நம் கதை.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் எல்லோருக்கும் தெரியும். சேரியில் பிறந்த நந்தன் சிதம்பரம் போகத் துடித்த கதை. அந்தக் காலட்சேப முறையையே எடுத்துக்கொண்டு ‘கிந்தனார்’ என்று ஒரு கதையை மேடையில் நடத்தினார் கலைவாணர். உடுமலை நாராயணகவியின் கைவண்ணமும் அதில் உண்டு. 1949-ல் அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’ படத்திலும் அது இடம் பெற்றது. கிந்தனும் சேரிப் பையன்தான். ஆனால் அவன் துடித்தது கோயிலுக்குப் போக அல்ல, பள்ளிக்கூடத்துக்குப் போக! ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான் கிந்தன்.

இதை முதல்முதலாகக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் கல்லூரியில் எத்தனை கிந்தன்கள்! காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து, படியில் தொங்கிக்கொண்டு வந்து, மத்தியானம் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சாப்பிடுகிற எத்தனை கிந்தன்கள்! நமக்காக எழுபது வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் பாடி வைத்திருக்கிறார். நமக்கோ அந்தப் பெயர்கூடத் தெரியாமல் இருந்திருக்கிறது.

நான் செய்த தவறு

இதுவரை எழுதியதை எந்தப் புத்தகத்திலும் நீங்கள் படிக்கலாம். இனி எழுதப் போவது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தாத்தா கூட்டத்தின் அண்ணாவி, அதாவது தலைமைப் பாடகர், நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். தான் பாடிய கதைகளை நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். அவருடைய பிள்ளைகள் பம்பாய்க்குப் போனபோது அந்த நோட்டுகளைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் அவை கிடந்தன. அட்டை பிய்ந்து, பூச்சி அரித்து, பென்சில் எழுத்து மங்கிப்போன நோட்டுகள். படிக்கத் தெரியாத மனுஷர் முப்பது வருஷம் அவற்றைக் காப்பாற்றினார்.

2023-ல் எனக்கு இங்கே இடம் கிடைத்தது. மினி டிராஃப்டர், டிராயிங் போர்டு, ஏப்ரன், ஷூ என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அப்பாவிடம் கேட்கக் கூச்சம். என் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள், கைடுகள் எல்லாவற்றையும் கட்டி, பெட்டியில் கிடந்த பழைய நோட்டுகளையும் சேர்த்து, பழைய பேப்பர் கடையில் போட்டேன். 13 கிலோ. 130 ரூபாய். மினி டிராஃப்டருக்கு அதுவும் ஒரு பங்கு.

ஒரு மாதம் கழித்துத்தான் தாத்தா பெட்டியைத் திறந்தார். திட்டவில்லை. “எல்லாம் போச்சாலே?” என்று ஒரு தடவை கேட்டார். கடைக்கு ஓடினேன். மூட்டை எப்போதோ லாரி ஏறியிருந்தது. திரும்பி வந்து நின்றேன்.

“சரி விடு மக்கா. நீ படிக்கதுக்குத்தான போச்சு” என்றார் தாத்தா.

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

என்னை நானே தேற்றிக்கொள்ள ஒரு வழி தேடினேன். தாத்தாவுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே, அவரைச் சொல்லச் சொல்லி எழுதிவிடலாம் என்று போன செமஸ்டர் லீவில் செல்போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். முத்துப்பட்டன் கதையைச் சொல்லச் சொன்னேன். உயர்ந்த சாதியில் பிறந்து, பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலத்துப் பெண்கள் இருவரை மணந்து, மாமனாரின் மாடுகளைக் காக்கப் போராடி உயிர்விட்டவன் முத்துப்பட்டன். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்ற பெயரில் அவன் இன்றும் சாமி. நேர்த்திக்கடனாகச் செருப்புச் செய்து வைக்கிறார்கள். சாதி பார்த்த நாட்டில், சாதியை மீறியவனைச் சாமியாக்கிப் பாடியிருக்கிறார்கள் நம் ஊர்க்காரர்கள்!

தாத்தா தொடங்கினார். கொஞ்ச நேரத்திலேயே எனக்கு ஒன்று புரிந்தது. அவர் பாடியது எல்லாம் பாதி பாதி வரி. அண்ணாவி ஒரு வரியைப் பாடுவார். அதன் பின்பகுதியை வாங்கி பின்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவார். நாற்பது வருஷம் தாத்தா பாடியது அந்தப் பின்பகுதியைத்தான். முன்பகுதி அண்ணாவியுடையது. அது நோட்டில் இருந்தது.

“முன்னாடி என்ன தாத்தா?” என்று கேட்டால், “அது அண்ணாவி சொல்லுவாருலா...” என்கிறார். கை மட்டும் தொடையில் தாளம் தப்பாமல் அடிக்கிறது.

ஆகவே நான் சொல்ல வருவது

சுப்பு ஆறுமுகத்தின் கதையையும் என் கதையையும் ஏன் சேர்த்துச் சொன்னேன்? அவரும் அவருக்கு முன்னால் வில்லடித்த ஆயிரம் பேரும் ஒரே மண்ணில்தான் பிறந்தார்கள். அந்த ஆயிரம் பேரில் பெரும்பாலோரின் பாட்டு அவர்களோடு போய்விட்டது. இவருடையது நிற்கிறது. குரல் இனிமை ஒரு காரணம், கலைவாணர் கைதூக்கிவிட்டது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம், அவர் எழுதினார். முத்துப்பட்டன் கதை இன்றைக்கு நூலகத்தில் கிடைக்கிறதென்றால், நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா.வானமாமலை போன்றவர்கள் தேடிப்பிடித்துப் பதிப்பித்ததால்தான். ஆனால் புத்தகத்தில் இருப்பது ஒரு பாடம். எங்கள் அண்ணாவி பாடிய பாடம் வேறு. ஊருக்கு ஊர், கூட்டத்துக்குக் கூட்டம் பாட்டு மாறும். எங்கள் ஊர்ப் பாடம் 13 கிலோவில் போய்விட்டது.

சிலர் கேட்கலாம்: “இதெல்லாம் பழசுப்பா. அரியர் கிளியர் பண்ணவே நேரமில்ல. கேம்பஸ் இன்டர்வியூவுல வில்லுப்பாட்டா கேக்கப் போறான்?” நியாயமான கேள்வி. கேட்க மாட்டான்தான். ஆனால் நம்மில் நிறையப் பேர் முதல் தலைமுறை. நம் வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்த ஆள் நாம்தான். நமக்கு முன்னால் இருந்தவர்களுக்குப் பாட்டு தெரியும், எழுதத் தெரியாது. நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு எழுதத் தெரியும், அவர்கள் கேட்பதற்குப் பாட்டு இருக்காது. இரண்டும் ஒரே வீட்டில் இருப்பது இந்த ஒரு தலைமுறையில்தான். நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுத முடியும்?

இன்னொரு கேள்வியும் உண்டு. பழைய கதைகளில் சாதி இருக்கிறது, பெண்ணைப் பழிக்கிற வரிகள் இருக்கின்றன, அதையெல்லாம் காப்பாற்ற வேண்டுமா என்று. இருக்கிறதுதான், நான் மறுக்கவில்லை. அதற்கும் சுப்பு ஆறுமுகமும் கலைவாணருமே பதில். வில்லை வைத்துக்கொண்டு கதையை மாற்றினார்கள். நந்தனைக் கிந்தனாக்கினார்கள். பழசை எழுதி வைத்தால்தான் எதை மாற்றுவது என்றாவது தெரியும். தொலைத்துவிட்டால் மாற்றுவதற்கும் ஒன்றும் இருக்காது.

கோயில் வில் வேறு, சபா மேடை வில் வேறு, சுப்பு ஆறுமுகத்தினுடையது கொடை வில்லே இல்லை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தாத்தாவிடமே கேட்டேன். “அவரு வில்லுக்குச் சாமி ஆடாது, சனம் சிரிக்கும். நம்ம வில்லுக்குச் சாமி ஆடும். ரெண்டு எடத்துலயும் குடத்த ஒழுங்கா அடிச்சாத்தாம்லே வில்லு நிக்கும்” என்றார். இதற்கு மேல் எந்த ஆராய்ச்சியாளர் என்ன சொல்லிவிடப் போகிறார்?

ஆகவே யூனியனுக்கும் நண்பர்களுக்கும் இரண்டு கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று: ஆண்டு விழாவில் லைட் மியூசிக்குக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குகிறோம். நானும் முன்வரிசையில் நின்று விசிலடித்தவன்தான், குறை சொல்லவில்லை. அதில் அரை மணி நேரம், ஒரே அரை மணி நேரம், நம் மாவட்டத்து வில்லுப்பாட்டுக் குழு ஒன்றுக்குக் கொடுங்கள். உரிய சம்பளமும் கொடுங்கள். இலவசமாகக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி அனுப்பாதீர்கள். பொன்னாடையை வைத்து அரிசி வாங்க முடியாது.

இரண்டு: இந்தப் பொங்கல் லீவில் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துப் போங்கள். வில்லுப்பாட்டுதான் என்றில்லை. தாலாட்டோ, ஒப்பாரியோ, நடவுப் பாட்டோ, உப்பளத்துப் பாட்டோ, ஆச்சி சொல்கிற கதையோ எதுவானாலும் சரி. யார் சொன்னது, எந்த ஊர், எப்போது பாடுவது என்று மேலே குறித்துக்கொண்டு, அவர்கள் வாயில் வருவதை அப்படியே எழுதுங்கள். இலக்கணம் திருத்தாதீர்கள். அடுத்த ஆண்டு மலரில் அதற்கென்று நாலு பக்கம் ஒதுக்கும்படி ஜூனியர் தம்பிகளைக் கேட்டுக்கொள்கிறேன். நான் அப்போது இங்கே இருக்க மாட்டேன்.

என் நோட்டில் இப்போது 64 பக்கம் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஸ்கேலால் ஒரு கோடு. வலது பக்கம் தாத்தா சொன்ன பாதி வரிகள். இடது பக்கம் காலி. கள்ளிகுளம் பக்கத்தில் ஒரு கிழவர் இருக்கிறாராம், பழைய கூட்டத்தில் உடுக்கை அடித்தவர், அவருக்கு அண்ணாவியின் வரிகள் கொஞ்சம் ஞாபகம் இருக்கலாம் என்று தாத்தா சொல்கிறார். உயிரோடு இருந்தால்.

பரீட்சை முடிந்த மறுநாள் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறேன்.

அப்புறம் ஒன்று. சார் அன்றைக்குக் கேட்ட கேள்விக்குப் பதிலை இப்போது சொல்லிவிடுகிறேன். இழுவிசை கூடினால் சுரம் கூடும் வாத்தியம், சார்: வில்லு. ராத்திரி பனியில் தோல் நாண் தொய்ந்துவிடும். நடுச்சாமத்தில் கதையை ஒரு நிமிஷம் நிறுத்தி, நாணை இழுத்துக் கட்டி, வீசுகோலால் ஒரு தட்டு தட்டிச் சுரம் சரிபார்த்துவிட்டுத்தான் மறுபடி பாடுவார்கள். சோனோமீட்டர் இல்லாமல், காதை மட்டும் வைத்து. என் தாத்தா பார்த்த வேலை அது.